லோடு வண்டிக் கணக்கு – 7: நின்ற இடத்திலேயே இறங்கும் விலை

2025 செப்டம்பர் 21-ஆம் தேதி இரவு காரியாபட்டியில் வீட்டு வாசலில் நிறுத்திய பிக்கப் வண்டி, மறுநாள் காலையிலும் அதே இடத்தில்தான் நின்றது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. ஆனால் அதன் விலை இறங்கிவிட்டது. காரணம், 22-ஆம் தேதி முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆனது. வரியோடு சேர்த்து 10 லட்சத்துக்கு விற்ற புது வண்டி, வரிக் குறைப்பு முழுவதும் வாங்குபவர் கைக்கு வந்தால், 9 லட்சத்து 22 ஆயிரம்தான். புதுசே 78 ஆயிரம் குறைவாகக் கிடைக்கும்போது, இரண்டு வருஷம் ஓடிய பழசுக்கு நேற்றைய விலையை யார் தருவார்?

சென்ற வாரம் டியூ கணக்கைப் பார்த்தோம். டியூ மாதாமாதம் கண்ணுக்குத் தெரியும். தவறினால் போன் வரும். வண்டியின் விலை இப்படி இறங்கும் தேய்மானமோ யாருக்கும் போன் செய்வதில்லை. வண்டியை விற்கும் நாளில்தான் மொத்தமாக வந்து நிற்கும்.

காரியாபட்டி வண்டிகளின் பிழைப்பு நமக்குத் தெரிந்ததுதான். மதுரை – தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் இருக்கிறது ஊர். விடியுமுன் பூவும் காய்கறியும் ஏற்றி, எலியார்பத்தி டோல்கேட்டைத் தாண்டி மதுரைக்கு ஓட்டம். திரும்பும்போது உரம், சிமெண்ட், கடைச் சரக்கு. நடுவில் விருதுநகர் மார்க்கெட்டுக்கு வத்தல், மல்லி. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சிவகாசிப் பக்கம் பேப்பர், அட்டை லோடு. பட்டாசை நினைத்த வண்டியில் ஏற்றிவிட முடியாது. அதற்கு வெடிபொருள் விதிகள் தனி. ஆனால் பட்டாசைச் சுற்றி ஓடும் சரக்கு ஏராளம். 2005-இல் டாடா ஏஸ் வந்து ‘குட்டி யானை’ ஆகி, 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த்தும் வந்த பிறகு, இந்த ஓட்டமெல்லாம் லாரி முதலாளிகளிடமிருந்து ஒற்றை வண்டிக்காரர்கள் கைக்கு வந்தது. அந்த ஒற்றை வண்டிக்காரருக்கு வண்டிதான் தொழில், வண்டிதான் சொத்து. அந்தச் சொத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு?

கேட்டால் மூன்று பதில் வரும்.

முதல் பதில் ஆடிட்டருடையது. வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 30 சதவீதத் தேய்மானம். சொந்தச் சரக்குக்கு மட்டும் ஓடினால் 15 சதவீதம். 9 லட்சத்துக்கு வாங்கிய வாடகை வண்டி முதல் ஆண்டு முடிவில் 6 லட்சத்து 30 ஆயிரம், இரண்டாம் ஆண்டில் 4 லட்சத்து 41 ஆயிரம், மூன்றாம் ஆண்டில் 3 லட்சத்து 9 ஆயிரம்.

இரண்டாவது பதில் இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்ற கட்டத்தில் இருக்கும். வண்டிக் கம்பெனி பட்டியலிட்ட விலையிலிருந்து, இரண்டு வயது தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50 சதவீதம் கழியும். அதே வண்டி மூன்று வருஷம் தாண்டியதும் 5 லட்சத்து 40 ஆயிரம். ஐந்து வயதுக்கு மேல் பட்டியல் இல்லை. நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வதுதான் மதிப்பு. பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிக்க ஐ.டி.வி.யைக் குறைத்துப் போட்டால், வண்டி திருடு போனாலோ நொறுங்கிப் போனாலோ கிடைக்கும் பணமும் அதே அளவுக்குக் குறையும்.

மூன்றாவது பதில் புரோக்கருடையது. மற்ற இரண்டும் காகித விலை. விற்கும்போது கைக்குப் பணம் வருவது இதில்தான். ஏட்டில் 3 லட்சத்து 9 ஆயிரமாக இருக்கும் வண்டி 5 லட்சத்துக்குப் போனால், நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு வரி வரலாம் என்பதையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, புரோக்கர் விலையை யார் முடிவு செய்கிறார்? வண்டியின் வயதும் கிலோமீட்டரும் என்று நினைக்கிறோம். பெரும்பங்கு ஃபைனான்ஸ்காரருடையது. பழைய லாரிக்குக் கடன் தர வங்கிகள் தயங்கிய காலத்தில், 1979-இல், ஆர். தியாகராஜனின் ஸ்ரீராம் குழுமம் சென்னையிலிருந்து ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸைத் தொடங்கியது. பழைய வண்டி வாங்கும் டிரைவரை நம்பிக் கொடுத்த கடன்தான் அதன் தொழில். அந்த வழியில் பல நிறுவனங்கள் வந்தன. இன்று பழைய பிக்கப் வாங்க வருபவர் பெரும்பாலும் கடனோடுதான் வருகிறார். 5 லட்சம் சொல்லும் வண்டிக்கு ஃபைனான்ஸ் மூன்றரை லட்சம் தரும் என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து ஒன்றரை லட்சம் போட வேண்டும். ஃபைனான்ஸ் மூன்று லட்சமாகக் குறைத்தால், வாங்குபவர் கையில் கூடுதலாக ஐம்பதாயிரம் முளைக்காது. விலைதான் இறங்கும். அடுத்தவருக்குக் கிடைக்கும் கடன்தான் உங்கள் வண்டியின் விலை.

அதனால்தான் விலை சரிவாக இறங்காமல் படிப்படியாக இறங்குகிறது. தமிழ்நாட்டில் சரக்கு வண்டி ஏழு வயதைத் தாண்டினால் பசுமை வரி. எட்டு வயதுவரை எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. அதற்கு மேல் ஆண்டுதோறும். எஃப்.சி. என்றால் கட்டணம் மட்டுமா? பெயிண்ட், டிங்கரிங், ஸ்டிக்கர், வண்டி நிற்கும் நாட்களின் வாடகை எல்லாம் சேர்ந்ததுதான். பதினைந்து வயது தாண்டிய வண்டிகளின் எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு பல மடங்கு உயர்த்தியது. ஒவ்வொரு படியிலும் கடன் தொகை குறையும், தவணைக் காலமும் சுருங்கும்.

“அண்ணே, எஃப்.சி. எதுவரைக்கும் இருக்கு?” என்பது புரோக்கரின் முதல் கேள்வியாக இருப்பது இதனால்தான். அடுத்தது, “எத்தனாவது ஓனர்?” அதற்குப் பிறகுதான் குனிந்து அடியில் பார்ப்பார். கமான் பட்டையில் கூடுதலாக ஒன்று சேர்த்திருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டி என்று தெரிந்துவிடும். சேசிஸில் வெல்டிங் தெரிந்தால் பேச்சு பாதியில் நிற்கும். உப்பு, மீன் லோடு அடித்த வண்டியின் தொட்டியைத் தட்டிப் பார்த்தாலே துரு சொல்லிவிடும். ஒரு நடைக்குக் கூடுதலாக ஏற்றிய கால் டன், அன்றைக்கு நூறு இருநூறு தந்திருக்கும்; விற்கும்போது ஆயிரங்களைப் பிடுங்கிக்கொள்ளும்.

சின்ன வண்டிக்காரருக்குச் சாதகமும் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-இல் உறுதி செய்தது. பூக்காரர், தோட்டக்காரர், ஹார்டுவேர் கடைக்காரர் என யாரும் வாங்க வரலாம். வாங்கும் கூட்டம் பெரிதாக இருக்கும்வரை விலை ஒரேயடியாக விழாது. அந்தக் கூட்டம் வரும் நேரம் பார்த்து விற்பதும் ஒரு திறமை. சிவகாசியில் வேலை சூடுபிடிக்கும்போது வண்டி தேடுவார்கள். தீபாவளி முடிந்த மறுவாரம் ஓட்டமில்லாத வண்டிகள்தான் விலைக்கு வந்து நிற்கும்.

இப்போது வாடகைக்கு வருவோம். 9 லட்சத்துக்கு வாங்கி, ஆறு வருஷம் ஓட்டி, ஏழாம் வருஷப் படிக்கு முன்பே 4 லட்சத்துக்கு விற்றதாக வையுங்கள். தேய்ந்தது 5 லட்சம். 72 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 6,944 ரூபாய். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடினால், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 78 காசு. மதுரைக்குப் போய்வர 60 கிலோமீட்டர் என்றால் ஒரு நடைக்கு 167 ரூபாய்.

“டீசல் போக ஐநூறு நின்னாப் போதும்ணே” என்று நடை ஒத்துக்கொள்ளும் தம்பிகளுக்காகத்தான் இந்தக் கணக்கு. அந்த ஐநூறில் 167 ரூபாய் சம்பாத்தியம் அல்ல. வண்டியிலிருந்து உரித்து எடுத்த பணம். டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், டோல் எல்லாம் போக மிஞ்சுவதுதான் உழைப்புக்குக் கூலி. மாதம் 7,000 ரூபாயைத் தபால் அலுவலக ஆர்.டி.யில் போட்டு வந்தால், ஆறு ஆண்டில் அசல் மட்டும் 5 லட்சத்து 4 ஆயிரம். பழைய வண்டி விற்ற 4 லட்சத்தோடு சேர்த்தால் அடுத்த வண்டிக்குப் பெரிய கடன் தேவைப்படாது. போட முடியவில்லை என்றால், நீங்கள் கேட்கும் வாடகை போதவில்லை என்று பொருள். அப்போது சேமிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வாடகையைத்தான் ஏற்றிக் கேட்க வேண்டும்.

விலை பேசி முடித்தாயிற்று, பணமும் வந்தாயிற்று என்றால் வேலை முடிந்ததா? முடியவில்லை. விற்ற வண்டி ஆர்.சி.யில் இன்னும் உங்கள் பெயரிலேயே ஓடினால், விபத்து இழப்பீட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெயர் மாற்றமும் ஃபைனான்ஸ் என்.ஓ.சி.யும் அடுத்த வாரம்.

(தொடரும்)