நங்கூரமும் கிரீடமும்

வெள்ளிக் கிண்ணம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர், அதில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சொல்லிவிட முடியுமா? செய்தவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. இதனால் விளையும் மோசடியைத் தடுக்க, இங்கிலாந்தில் 1300-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தார்கள். ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி இருந்தாலன்றி முத்திரை கிடையாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் நகரம் கைத்தொழிலில் பெயர் பெற்று விளங்கியது. பிற்காலத்தில் ஜேம்ஸ் வாட்டுடன் கூடி நீராவி யந்திரம் செய்த மாத்யூ போல்டன், அங்கே வெள்ளிச் சாமான்கள் செய்துவந்தார். ஆனால் முத்திரைக்கு அவற்றை எழுபது மைலுக்கும் அப்பாலுள்ள செஸ்டர் நகருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. காலதாமதம் ஒருபுறம்; வழியில் நசுங்கிக் கெடுவது மற்றொருபுறம். தம் ஊருக்கே ஒரு சோதனைச் சாலை வேண்டுமென்று போல்டன் பார்லிமெண்டை அணுகினார். ஷெபீல்டு நகரத்துத் தொழிலாளரும் அவ்வாறே கேட்டார்கள்.

லண்டன் பொற்கொல்லர் சங்கத்தார் இதைப் பலமாக எதிர்த்தனர். வெளியூர்க்காரர்களிடம் முத்திரையை ஒப்படைத்தால் நாணயம் கெடும் என்பது அவர்கள் வாதம். பார்லிமெண்டுக் கமிட்டி விசாரித்தது. லண்டனில் முத்திரை பெற்று விற்பனையான சாமான்களை வாங்கிச் சோதித்தபோது, அவற்றிலேயே பல தரம் குறைந்திருந்தன! எதிர்ப்பின் வேகம் தணிந்தது. 1773-இல் இரு நகரங்களுக்கும் உரிமை கிடைத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: சோதனைச் சாலையை மேற்பார்க்கும் காப்பாளர்களுள் பெரும்பாலோர் வெள்ளித் தொழிலைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தன் சரக்குக்குத் தானே சாட்சி சொல்ல இடமில்லை.

கடற்கரையே இல்லாத பர்மிங்ஹாமுக்கு நங்கூரம் முத்திரையாயிற்று, ஷெபீல்டுக்குக் கிரீடம். லண்டனில் 'கிரீடமும் நங்கூரமும்' என்ற விடுதியில் இவ்வேற்பாடு பேசப்பட்டதால் இப்படி அமைந்தது என்பது கர்ண பரம்பரை.

சோதனை எப்படி? சாமானிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நிறுத்து, ஈயத்துடன் சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த குகையில் புடமிடுவார்கள். ஈயத்தையும் செம்பையும் குகை உறிஞ்சிவிடும். வெள்ளி மட்டும் மணியாக எஞ்சும். அதை மீண்டும் நிறுத்தால் உண்மை வெளிப்படும். தேறாத சாமானை உடைத்துத் திருப்பித் தருவார்கள். பின்னாளில் ஊடுகதிர்க் கருவிகள் வந்து இவ்வேலையைச் சுலபமாக்கின.

செஸ்டர் சாலை 1962-இல் மூடப்பட்டது. ஷெபீல்டின் கிரீடம் 1975-இல் ரோஜாவாக மாறியது. பர்மிங்ஹாமின் நங்கூரமோ இன்றும் இடம் பெயரவில்லை. பெரிய நகரத்தின் பெயரைக் கேட்டே நம்பிவிடாமல், பொருளைப் புடமிட்டுப் பார்க்கச் சொன்ன ஊரின் முத்திரை அது.