குண்டு எங்கே போய் நிற்கும்?



புதிதாகச் செம்பனைக் கன்று நட்ட காட்டில் ஒரே ஓர் இரவு காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கன்றின் அடியைக் கிண்டி, உள்ளிருக்கும் வெள்ளைக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். வீட்டுப் பின்புறம் மரவள்ளி போட்டவர்களின் பாடும் அதுதான். ஆகவே, பன்றி சுடுவது நம் தோட்டங்களில் நெடுநாளாக நடந்து வருகின்ற காரியம். உரிமம் உள்ள ஒருவர் துப்பாக்கியோடு வருவார். வழிகாட்டவும் சுமக்கவும் நம்மவர் இரண்டு மூன்று பேர் கூடவே போவார்கள். தாமே உரிமம் எடுக்கலாமா என்று எண்ணுகிறவர்களும் உண்டு. எனவே துப்பாக்கி, தோட்டா, தொலைநோக்கி, கத்தி ஆகிய நான்கையும் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்பதை இன்று பார்ப்போம்.

"எது பலமானது?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். தோட்டத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. "குறி தவறினால் குண்டு எங்கே போய் நிற்கும்?" என்பதே அது. தோட்டம் ஆளில்லாத காடு அன்று. விடியுமுன் நெற்றி விளக்கோடு மரம் வெட்டப் போகிறவர் இருக்கிறார். நிரை முடிவில் குந்தி உட்கார்ந்து உதிரிப் பழம் பொறுக்குகிற பெண் இருக்கிறார். அப்பால் லயம், கோயில், பள்ளிக்கூடம், சாலை எல்லாம் இருக்கின்றன. பன்றி வெளியே வரும் நேரமும் நாம் வேலைக்குக் கிளம்பும் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். துப்பாக்கியில் இரண்டு பெரும் வகை உண்டு. ஒன்று ரவைத் துப்பாக்கி. நடுவில் ஒடித்துத் தோட்டா போடுவதால் மலாய்க்காரர்கள் இதைச் 'செனாபாங் பாத்தா' என்கிறார்கள். இதன் குழலின் உட்புறம் வழவழப்பானது. ஒரு தோட்டாவில் பல ஈய ரவைகள் இருக்கும். மற்றொன்று ரைபிள். இதன் குழலுக்குள் திருகாணியின் புரி போன்ற வரிகள் வெட்டப்பட்டிருக்கும். ஒற்றைக் குண்டு அந்த வரிகளில் சுழன்று, பம்பரம் போல் நிலைகுலையாமல் நெடுந்தூரம் செல்லும்.

ஒரு பிடி மணலையும் ஒரு கூழாங்கல்லையும் ஒரே வேகத்தில் எறிந்து பாருங்கள். மணல் அருகிலேயே விழும். கல் தூரமாய்ப் போகும். சின்னப் பொருளின் வேகத்தைக் காற்று சீக்கிரம் தின்றுவிடுகிறது. துப்பாக்கிக்கும் இதே கணக்குத்தான். பறவை சுடும் 6ஆம் எண் ரவை சுமார் 200 மீட்டரில் விழுந்துவிடும். பன்றி சுடும் பெரிய ரவை 500 மீட்டருக்கு அப்பாலும் போகக்கூடும். சின்னதுதானே என்று நினைக்கும் 0.22 அங்குல ரைபிள் குண்டு, வாயைச் சற்று உயர்த்திச் சுட்டால், ஏறக்குறைய 2 கிலோமீட்டர் போகும். பெரிய வேட்டை ரைபிளின் குண்டு 4, 5 கிலோமீட்டரையும் தாண்டும். அத்தனை தூரத்தில் எத்தனை லயங்கள் இருக்கின்றன என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆகவே, மக்கள் நடமாடும் தோட்டத்திற்கு 12 எண் ரவைத் துப்பாக்கியே பொருத்தம். 0.22 ரைபிள் பன்றிக்கும் போதாது. அது காயப்படுத்தி ஓடவிடுமே தவிர வீழ்த்தாது. காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்தால் யாருக்கு ஆபத்து என்பது உங்களுக்குத் தெரியும். வாங்கும் துப்பாக்கியின் கட்டை, தோளில் வைத்தவுடன் கன்னத்தோடு ஒட்டி அமைய வேண்டும். கட்டை நீளமாக இருந்தால் அக்குளில் தடுக்கும். குட்டையாக இருந்தால் உதைக்கும்போது கட்டைவிரல் மூக்கில் இடிக்கும்.

12 எண் என்றால் என்ன? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் குறுக்களவு எவ்வளவோ அதுவே குழலின் உள்ளளவு. அது சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 எண் என்றால் ஒரு பவுண்டுக்கு 20 உருண்டை. ஆகவே எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும்.

இந்தக் கணக்குத் தெரியாவிட்டால் கை போகும், உயிரும் போகலாம். 20 எண் தோட்டாவை 12 எண் துப்பாக்கியில் தவறிப் போட்டால், அது வழுக்கிக்கொண்டு குழலுக்குள் போய்ச் சிக்கி நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று எண்ணி 12 எண் தோட்டாவைப் பின்னால் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். இதற்காகவே 20 எண் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். இரண்டையும் ஒரே பையில் ஒருபோதும் வைக்கக் கூடாது.

தோட்டாவின் நீளத்தையும் பார்க்க வேண்டும். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர்தான். சுடாத தோட்டாவின் வாய் மடித்து மூடியிருப்பதால், 70 மில்லிமீட்டர் தோட்டாவும் அதற்குள் நுழைந்துவிடும். சுடும்போது அந்த மடிப்பு விரிய இடமின்றி உள் அழுத்தம் ஏறும். நுழைகிறதே என்பதற்காகப் பொருந்துகிறது என்று கொள்ளக் கூடாது. குழலின் அடியில் பொறித்திருக்கும் அளவையும் தோட்டாவின் மேல் உள்ள அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

பன்றிக்கு எஸ்.ஜி. என்னும் பெரிய ரவைத் தோட்டாவைப் பயன்படுத்துகிறார்கள். அதில் பொதுவாக 8 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட 9 ரவைகள் இருக்கும். 35 மீட்டர் தூரத்தில் அவை சுமார் ஒரு மீட்டர் அகலத்திற்குப் பரவிவிடும். பன்றியின் உயிர்நிலையோ ஒரு சோற்றுத் தட்டின் அளவுதான். தூரம் கூடினால் இரண்டு ரவை படும், ஏழு ரவை வழி தேடிப் போகும். ஆகவே 25 மீட்டருக்குள் சுடுவதே நல்லது. பரண் மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால், தவறிய ரவை மண்ணில் புதையும். சமதரையில் நின்றால் பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். கல்லிலும் தண்ணீரிலும் பட்ட குண்டு தெறித்துத் திசை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது தொலைநோக்கி. அதன் மேல் 8×40 என்று எழுதியிருந்தால், முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதையும், இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் சொல்லும். 40ஐ 8ஆல் வகுத்தால் 5. கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் இந்த 5 மில்லிமீட்டர்தான். 10×25 என்றால் 2.5 மட்டுமே. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்மணி விரியும்; அப்போது ஒளிவட்டம் பெரிதாக இருந்தால்தான் உருவம் தெளியும். ஆகவே விடியலுக்கும் அந்திக்கும் 8×40 நல்லது.

துப்பாக்கி மேல் பொருத்தும் குறிக்கண்ணாடியும் உண்டு. அது குறிபார்க்க மட்டுமே. தேடிப் பார்க்க அன்று. அதன் வழியே "அது பன்றியா, ஆளா?" என்று பார்க்கிறவர், துப்பாக்கியை ஆளின் மேல் நீட்டிவிட்டார் என்றே பொருள். அசைவைக் கண்டு சுடுவதும், சத்தத்தைக் கேட்டுச் சுடுவதும், இரண்டு கண் மின்னுவதைப் பார்த்துச் சுடுவதும் கொலைக்கு ஒப்பானவை. முழு உருவமும் தெரிந்த பிறகே விரல் விசைக்குப் போக வேண்டும்.

கத்தியைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். பால் வெட்டும் கத்தியால் யாராவது விறகு பிளப்பார்களா? அதுபோல, பாராங்கால் தோலுரிக்க முடியாது. தோலுரிக்க 10 சென்டிமீட்டர் அலகு போதும். மடக்குக் கத்தி, பூட்டு இல்லாவிட்டால், விரல் மேல் மடங்கும். மடங்காத கத்தியே மேல். இரத்தமும் கொழுப்பும் பட்டால் பிடி வழுக்கும். எனவே பிடிக்கும் அலகுக்கும் நடுவில் கை நழுவாதபடி ஒரு தடுப்பு வேண்டும். சாதா எஃகு எளிதில் கூராகும், ஆனால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகைத் தீட்டச் சற்று நேரமாகும். தீட்டும் சாய்வு எவ்வளவு? ஒரு தாளின் மூலையை இரண்டு முறை பாதி பாதியாக மடியுங்கள். அந்தக் கோணம், அதாவது சுமார் 22 பாகை, போதுமானது. வேலை முடிந்ததும் கத்தி உறைக்குள் போக வேண்டும். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தியோடு திரிவது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

குறி பார்த்துச் சுடும் ஆசை உள்ள இளைஞர்களுக்கு விளையாட்டு வழி இருக்கிறது. நம் நாட்டு வீராங்கனை நூர் சுரியானி தைபி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில், எட்டு மாத கர்ப்பிணியாக 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் கலந்துகொண்டார். அந்தப் போட்டியில் குண்டு 4.5 மில்லிமீட்டர், நடுப்புள்ளியோ அரை மில்லிமீட்டர். அங்கே இலக்குக்குப் பின்னால் குண்டை நிறுத்தும் தடுப்பு உண்டு. குண்டு எங்கே நிற்கும் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. ஆனால் காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிதான். அதற்கும் உரிமம் வேண்டும்.

1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி உரிமம் ஒருவர் பெயருக்கே வழங்கப்படுகிறது. அண்ணன் உரிமத்தில் தம்பி சுட முடியாது. தீபகற்பத்தில் பன்றி வேட்டைக்கு, 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, வனவிலங்கு இலாகாவின் உரிமமும் தனியே வேண்டும். தண்ணீர்க் குழாயில் செய்த நாட்டுத் துப்பாக்கியை யாரும் தொடவே கூடாது. அது எந்தப் பக்கம் வெடிக்கும் என்று செய்தவருக்கே தெரியாது. உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கும். வீட்டில் துப்பாக்கியை ஒரு பெட்டியிலும் தோட்டாவை வேறு பெட்டியிலும் பூட்டி வையுங்கள். பிள்ளைகளுக்குச் சாவி இருக்குமிடம் தெரியக் கூடாது.

நேயர்களே, துப்பாக்கி தூக்குகிறவர் ஒருவர். கூடப் போகிறவர் பலர். அந்தப் பக்கம் வேலை செய்கிறவர் இன்னும் பலர். அவர்களில் அயல்நாட்டிலிருந்து வந்த, நம் மொழி புரியாத தொழிலாளரும் இருக்கிறார்கள். ஆகவே, கூட வரச்சொல்லி யாராவது அழைத்தால், மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் காட்டில் சுடப் போகிறார்கள் என்று பிரட்டில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டதா? துப்பாக்கிக்கும் வேட்டைக்கும் உரிமம் இருக்கிறதா? சுடும் திசையில் குண்டு எங்கே போய் நிற்கும்? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், அன்று போகாதீர்கள். கூலி ஒரு நாள் போகட்டும். பன்றி நாளைக்கும் வரும்.