சீனத்து மூலிகைத் தேநீர்: பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது?



கல்பாக்கத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் இடையே இருக்கிறது அணுபுரம். அணுசக்தித் துறை ஊழியர்களுக்கென அமைந்த குடியிருப்பு. அங்கே மகன் வீட்டில் வசிக்கும் எங்கள் மாமிக்கு, பினாங்கு சபரிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். "உடம்புச் சூட்டைத் தணிக்கும் சீனத்துத் தேநீர், மாமி. அங்கே எல்லோரும் குடிக்கிறார்கள்" என்றும் சொல்லி வைத்தார். சித்திரை வெயில் உச்சியில் நிற்கும் காலம். மாமி தேயிலையை ஒதுக்கிவிட்டுக் காலையும் மாலையும் அதையே காய்ச்சிக் குடிக்கலானார். இலேசான கசப்பு, அதன்மேல் நாவில் தங்கும் இனிப்பு. சர்க்கரை சேர்க்கவே தேவையில்லை என்று மகிழ்ந்தும் போனார்.

ஒரு மாதம் சென்றது. மாமியின் கால்கள் வீங்கின. நாலு படி ஏறினால் தொடைகள் துவண்டன. பல ஆண்டுகளாக மாத்திரையில் அடங்கியிருந்த இரத்த அழுத்தம் எகிறியது. இரத்தத்தைச் சோதித்தபோது பொட்டாசியம் குறைந்திருந்தது. மருத்துவர் மாத்திரையை மாற்றும் முன் ஒரு கேள்வி கேட்டார்: "புதிதாக ஏதேனும் கஷாயம் குடிக்கிறீர்களா, அம்மா? இனிப்பாக இருக்குமா?"

பொட்டலத்தின் மேல் இருந்ததெல்லாம் சீன எழுத்து. அதைப் படம் எடுத்துக் கோலாலம்பூரிலுள்ள பேரனுக்கு அனுப்பினோம். அவன் தன்னுடன் பணிபுரியும் சீன நண்பரிடம் காட்டி ஒவ்வொரு பெயராகச் சொல்லி அனுப்பினான். மூன்றாவது பெயர் அதிமதுரம்.

அதிமதுர வேரின் இனிப்புக்குக் காரணமான பொருளுக்கு ஒரு குணம் உண்டு. நாள்தோறும் மிகுதியாகச் சென்றால் அது உடலில் உப்பையும் நீரையும் தங்கச் செய்யும், பொட்டாசியத்தை வெளியேற்றும். அதனால் அழுத்தம் ஏறும், தசைகள் தளரும், சிலருக்கு இதயத் துடிப்பே தடுமாறும். இருமலுக்கு இரண்டு நாள் சுவைப்பது வேறு. அழுத்த நோயாளி ஒரு மாதம் இருவேளை குடிப்பது வேறு. யூனானி ஹகீம்கள் 'அஸ்லுஸ்ஸூஸ்' என்று வழங்குவதும் இதே வேர்தான். எகிப்திலும் ஷாம் நாட்டிலும் ரமலான் மாலைகளில் இதன் சாற்றைப் பானமாக விற்பார்கள். அங்கும் அழுத்த நோயாளிகளுக்கு இதே எச்சரிக்கைதான்.

மாமி நிறுத்தினார். சில வாரங்களில், அல்ஹம்துலில்லாஹ், கால் வீக்கம் வடிந்தது, அழுத்தமும் இறங்கியது. பொட்டலத்தைக் கொடுத்தவர் அன்பினால்தான் கொடுத்தார். ஆனால் அன்பாகக் கொடுத்ததை யாரும் பிரித்துப் பார்த்துக் கேட்பதில்லை. எனவே நாம் சற்றே பிரித்துப் பார்ப்போம்.

மாமி குடித்த வகைக்குச் சீனத்தில் 'குளிர்ச்சித் தேநீர்' என்று பொருள்படும் பெயர். பெயரில் தேநீர் உண்டே தவிர, பெரும்பாலும் அதில் தேயிலையே கிடையாது. புழுக்கம் மிகுந்த தென்சீனத்துக் குவாங்சௌ நகரமும் அதைச் சுற்றிய நாடும் இதன் பிறப்பிடம். அங்கிருந்து கப்பலேறிய சீனக் குடும்பங்களோடு இது பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. குவாங்சௌவில் 1828-இல் தொடங்கிய 'வாங் லாவ் ஜி' என்னும் பெயர் இன்று தகரக் குவளையில் உலகெங்கும் விற்பனையாகிறது. 2006-இல் சீன அரசு இந்தக் குளிர்ச்சித் தேநீரைத் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது. உணவைச் சூடு என்றும் குளிர்ச்சி என்றும் பிரிப்பது நமக்குப் புதிதன்று. மாம்பழம் தின்றால் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று நம் பாட்டிமார் சொன்னதும், ஹகீம்கள் 'மிஸாஜ்' பார்த்து மருந்து கொடுத்ததும் அந்த வழிப்பட்டவையே.

அக்குவளையின் மேல் ஏழு மூலிகைகளின் பெயர்கள் காணப்படும். செவ்வந்திப் பூ நமக்குத் தெரிந்தது. ஆனால் மாலை கட்ட விற்கும் பூவில் பூச்சிமருந்து இருக்கும். அதைக் கொதிக்க வைத்துக் குடித்துவிடாதீர்கள். இன்னொன்று, கொடியில் வெள்ளையாக மலர்ந்து பின் மஞ்சளாக மாறும் பூ. சீனர் அதைப் 'பொன்வெள்ளிப் பூ' என்பார்கள். 'கோடையில் வாடும் புல்' என்று பெயர் பெற்ற ஒரு பூக்கதிர் உண்டு. மலேசியாவில் 'சின்சாவ்' என்று கருநிறக் கூழாக விற்கிறார்களே, அந்தச் செடியும் உண்டு. ஈழத்தலரியின் பூவும் சேரும். ஆனால் அம்மரத்தின் பால் எரிச்சல் தருவது. வாசலில் நிற்கிறதே என்று நாம் பறித்துக் காய்ச்சுவது கூடாது. ஆறாவது ஒரு காட்டு மரத்தின் இலை. ஏழாவது, முன்பு சொன்ன அதிமதுரம்.

நம் நாட்டில் இதற்கு இணை எது என்றால் நிலவேம்புக் குடிநீரைத்தான் சொல்வேன். 2012-இல் டெங்கு பரவியபோது அரசு மருத்துவமனைகளில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தோமே, அதுதான். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்குகள். இவற்றின் பெயரும் அளவும் சித்த மருத்துவ நூலில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. ஐயம் வந்தால் கேட்கத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. முகவரி தெரியாத பொட்டலத்துக்கு இந்த இரண்டும் கிடையாது. செங்கற்பட்டை அடுத்த தண்டரையில் 1986 முதல் இயங்கிவரும் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கத்தில், இலையைக் கையில் எடுத்ததும் பெயர் சொல்லும் பெண்களைப் பார்க்கலாம்.

பெயர் தவறினால் என்ன ஆகும்? பெல்ஜியத்துத் தலைநகரில் 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் அடுத்தடுத்துப் பழுதாயின. 1993-இல் காரணம் வெளிவந்தது: ஒரு மூலிகையின் இடத்தில், சீனத்தில் ஏறத்தாழ ஒரே பெயர் கொண்ட வேறொரு வேர் சேர்ந்திருந்தது. ஏறக்குறைய நூறு பேர் பாதிக்கப்பட்டனர். சிலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. அந்த வேர் நம் ஆடுதீண்டாப்பாளையின் இனம். ஆடும் தீண்டாதது என்று நம் முன்னோர் பெயரிலேயே எழுதி வைத்தார்கள். நாம்தான் வயிற்றுப் பூச்சிக்கு நல்லது என்று அரைத்துக் கொடுக்கிறோம். பச்சிளம் குழந்தைகளுக்குக் கடும் மஞ்சள் காமாலை வருவதைக் கண்ட சிங்கப்பூர் அரசு, சீனத் தாய்மார் பயன்படுத்திய மஞ்சள் நிற வேர் ஒன்றை 1978-இல் தடை செய்ததும் உண்டு. பல ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்துதான் அத்தடையை விலக்கியது.

நமக்கு ஹலால் பற்றிய கவலையும் உண்டல்லவா? சீன மருந்துக் கடைகளில் பாம்பை மதுவில் ஊறவைத்த புட்டியும் இருக்கும். கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையும் பெண்களுக்கான சத்து மருந்து என்று இருக்கும். மலேசியாவிலிருந்து வாங்கி வரச் சொல்வோர், ஜாகிம் ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் கேட்ட மாமிக்கு வருத்தம். "அப்படியானால் சீனத்துத் தேநீரே வேண்டாமா?" என்றார். வேண்டாம் என்று யார் சொன்னது? நம் சகோதரர்கள் குடிக்கும் தேநீர் ஒன்று இருக்கிறது.

முஸ்லிம்களுக்கும் சீனத் தேநீருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஹிஜ்ரி 237, அதாவது கி.பி. 851-இல், அரபு வணிகர்களின் செய்திகளைத் தொகுத்து எழுதப்பட்ட நூல் ஒன்று, சீனர் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் மணமுள்ள, சற்றே கசக்கும் இலை ஒன்றைக் குறிப்பிடுகிறது. உப்பும் இந்த இலையும் மன்னரின் வருவாய் என்றும் சொல்கிறது. அந்த வணிகர்கள் 'கான்ஃபூ' என்று அழைத்த துறைமுகம் இதே குவாங்சௌதான். அங்கே முஸ்லிம்களின் வழக்குகளைத் தீர்க்க முஸ்லிம் ஒருவரே நியமிக்கப்பட்டிருந்தார். நம் கரையும் அந்நாட்டுக்கு அந்நியமன்று. கி.பி. 720-இல் பல்லவ வேந்தருக்குச் சீனப் பேரரசர் பட்டம் அனுப்பினார். 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரத்துக்கு வந்தபோது இந்தப் பழங்கதையைப் பத்திரிகைகள் மீண்டும் எழுதின.

சீனத்தில் 'ஹூய்' என்னும் முஸ்லிம் சமூகத்தார் ஒரு கோடிக்கும் மேல் வாழ்கின்றனர். நிங்சியா, கான்சு பகுதிகளில் அவர்கள் விருந்தினருக்குக் கொடுப்பது 'எட்டுச் செல்வத் தேநீர்'. தட்டு, கிண்ணம், மூடி என மூன்று உறுப்புள்ள பாத்திரத்தில் தருவார்கள். தேயிலை, கற்கண்டு, சிவப்பு இலந்தை, அக்ரூட், உலர் திராட்சை, எள், லாங்கன் என்னும் லிச்சி இனத்துப் பழத்தின் வற்றல், கோஜி எனப்படும் சிறு செம்பழம் ஆகிய எட்டு. சில வீடுகளில் ரோஜா இதழோ செவ்வந்தியோ சேரும். எண்ணிக்கையில் யாரும் பிடிவாதம் செய்வதில்லை. கோஜி, தக்காளியும் மணத்தக்காளியும் சேர்ந்த குடும்பம். நிங்சியாவின் சிறப்பு விளைபொருள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். சிவப்பு இலந்தை, ஜனாஸா குளிப்பாட்ட நாம் இலை பறிக்கும் இலந்தையின் உறவு.

மாமி இப்போது செய்யும் முறை இது. ஒரு கிண்ணத்துக்குப் பச்சைத் தேயிலை ஒரு சிட்டிகை. சிவப்பு இலந்தைக்குப் பதில் கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் ஒன்று. உலர் திராட்சை பத்து. உடைத்த அக்ரூட் பாதி. வறுத்த எள் அரைத் தேக்கரண்டி. மருந்தடிக்காத பன்னீர் ரோஜா இதழ் நாலைந்து. கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைக்கிறார். கற்கண்டு சேர்ப்பதில்லை, நீரிழிவுள்ளவர்கள் பேரீச்சையையும் திராட்சையையும் குறைத்துக்கொள்ளலாம். மூடியாலேயே இதழ்களை ஒதுக்கி மெல்ல உறிஞ்ச வேண்டும். பாதி குடித்ததும் மீண்டும் வெந்நீர். இப்படி மூன்று முறை. கடைசியில் அடியில் ஊறிக் கிடக்கும் பழங்களைப் பேரப்பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

பினாங்கு உறவினர் வரும் மாதம் மறுபடி வருகிறாராம். மூடியுள்ள கிண்ணம் ஆறு மட்டும் வாங்கி வரும்படி மாமி சொல்லியிருக்கிறார்.