காரநீரில் ஹைட்ரஜனும் நுண்துளைச் சட்டகங்களும்

குமரி மாவட்டத்தின் மேற்கே அருமனை வட்டார ரப்பர்த் தோட்டங்களுக்கு மழை தரும் தென்மேற்குப் பருவக்காற்றே, கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்கையில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அந்த மின்சாரம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவதால், மிகுதியாகக் கிடைக்கும்போது அதைக் கொண்டு நீரைப் பிரித்து, ஹைட்ரஜனாகச் சேமிக்கும் மின்பகுப்பு முறை கவனம் பெறுகிறது.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைந்த காரநீரில் மின்சாரம் செலுத்தினால் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் நேர்மின்வாயில் ஆக்சிஜனும் வெளிப்படும். கோட்பாட்டின்படி இதற்கு 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் அதற்கு மேல் தேவைப்படுவது மிகை மின்னழுத்தம் எனப்படும். அதைக் குறைப்பதே வினையூக்கியின் பணி. அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகள் தாராளமாக இருக்க, காரத்தில் நீர் மூலக்கூறையே முதலில் உடைக்க வேண்டியிருப்பதால், பிளாட்டினம்கூட அங்கே மந்தமாகிறது. ஆயினும், அமிலம் அரித்துவிடும் நிக்கல் போன்ற மலிவான உலோகங்கள் காரத்தில் தாக்குப்பிடிப்பது இம்முறையின் பெரும் பலமாகும்.

உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைக்க, சாரம் கட்டியதுபோல் உள்ளே வெற்றிடங்களுடன் ஒழுங்காக அமையும் படிகமே உலோகக் கரிமச் சட்டகம். ஒரு கிராம் சட்டகத்தின் உட்பரப்பு சில ஆயிரம் சதுர மீட்டர் வரை இருக்கலாம் என்பதாலும், வினை நிகழும் உலோக மையங்கள் தனித்தனியே பரவியிருப்பதாலும், வினையூக்கி ஆய்வாளர்கள் இதனை நாடினர். இத்துறையை உருவாக்கிய சுசுமு கிடகாவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி ஆகியோருக்கு 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும் இச்சட்டகங்களுள் பெரும்பாலானவை மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. செறிந்த காரத்தில் பலவற்றின் கரிம இணைப்புகள் அறுந்து, உலோகம் ஹைட்ராக்சைடாக மாறிவிடுகிறது. அதனால் அவற்றை நிக்கல் நுரையின்மீது நேரடியாக வளர்ப்பதும், காற்றில்லா உலையில் சுட்டு, உலோகத் துகள்கள் பொதிந்த கரியாகவோ, பாஸ்பரஸ் சேர்த்துப் பாஸ்பைடாகவோ மாற்றுவதும் வழக்கமாயின. இவ்வாறு மாற்றும்போது சட்டகம் வினையூக்கியாக அன்றி, அதற்குரிய அச்சாகவே பயன்படுகிறது. அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் காரநீர் மின்பகுப்புக்கான வினையூக்கிகள் ஆராயப்படுகின்றன.

2023இல் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம், 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தியை இலக்காகக் கொண்டுள்ளது. ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் வினையூக்கிகளை ஒப்பிடுகின்றன. தொழிற்சாலைகளோ பல நூறு மில்லி ஆம்பியரில், சூடான செறிந்த காரத்தில், ஆண்டுக்கணக்கில் இயங்க வேண்டியவை. ஆகவே புதிய சட்டகம் எதையும் அதன் உட்பரப்பைக் கொண்டன்றி, அச்சூழலில் எதுவாக மாறுகிறது, எவ்வளவு காலம் உழைக்கிறது என்பதைக் கொண்டே மதிப்பிடுவது முறையாகும்.