திறந்த மென்பொருளும் நம் அங்கத்தினர்களும்

ஜக்கார்டுத் தறியில் பழகிய அன்பர்களுக்குத் திறந்த மென்பொருள் இன்னதென்று விளக்குவது கடினமன்று. முந்தியில் ஒரு மாங்காய்ப் புட்டா விழ வேண்டுமானால், முதலில் அதைக் கட்டத் தாளில் எழுதுகிறோம். பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தை ஒவ்வொரு கட்டமும் குறிக்கும். பின்னர் வரிசைக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டு, கோத்து, தறியின் மேலுள்ள பெட்டியில் ஏற்றுகிறோம். அட்டைக் கோவை மட்டும் கையிலிருந்தால் அந்தப் புடவையையே மீண்டும் மீண்டும் நெய்யலாம். கட்டத் தாளும் இருந்தால்தான் மாங்காயைப் பெரிதாக்கவோ, அதன் பக்கத்தில் ஓர் இலையைச் சேர்க்கவோ எளிதில் முடியும்.

கணினிக்கு இடும் கட்டளைத் தொகுதியாகிய மென்பொருளும் இத்தகையதே. அதற்கும் மனிதர் படிக்கத்தக்க கட்டத் தாள் ஒன்று உண்டு. மூலநிரல் என்பது அதன் பெயர். வணிக மென்பொருள்களிற் பெரும்பாலானவை அட்டைக் கோவையைத் தந்து கட்டத் தாளைப் பூட்டி வைப்பவை. திறந்த மென்பொருளோ இரண்டையும் தந்து, திருத்திக்கொள்ளவும் பிறருக்குப் பிரதி வழங்கவும் உரிமை அளிக்கிறது. (1830களில் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு ஜக்கார்டு அட்டையையே முன்மாதிரியாகக் கொண்டார். ஆகையால் நெசவாளர் இத்துறைக்கு அயலார் அல்லர்.)

1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டமும், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸும் இந்த இயக்கத்தின் வேர்கள். கூட்டுறவாளருக்கு இதன் பயன் எங்கே என்று கேட்கலாம். ஒரு சங்கத்தின் பேரேடு முழுவதும் பூட்டிய மென்பொருள் ஒன்றில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தா நின்றாலோ, விற்றவர் தொழிலை விட்டாலோ, நம் கணக்கை நாமே திறக்க இயலாத நிலை நேரக்கூடும். திறந்த மென்பொருளில் இந்த அபாயம் மிகக் குறைவு. 2010இல் ஓப்பன் ஆபீஸ் என்னும் அலுவலக மென்பொருள் கைமாறியபோது, அதன் தொண்டர்கள் மூலநிரலை எடுத்துக்கொண்டு லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் பணியைத் தொடர்ந்தனர். பழைய கோப்புகளும் அதில் முன்போலவே திறந்தன.

ஆயினும், விலையின்றிக் கிடைப்பது வேறு, கைக்கு இணங்குவது வேறு. நம் மாநிலத்தில் எல்காட் நிறுவனம் 2007ஆம் ஆண்டளவில் தன் அலுவலகக் கணினிகளில் லினக்ஸைப் புகுத்தியது. 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்திலும், விண்டோஸுடன் சீடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. திண்டுக்கல் வட்டாரக் கிராமங்களிலும் அம்மடிக்கணினிகள் வந்தன. ஆனால் லினக்ஸ் பக்கத்தை ஒருநாளும் திறவாத வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். பொருள் வந்தது, அதைப் பக்கத்தில் அமர்ந்து சொல்லித் தருவார் வரவில்லை. குறை பிள்ளைகளிடம் இல்லை என்பதே நம் கருத்து.

புதியவரை முதலில் மிரட்டுவது சொல்தான். திரையில் அந்நிய மொழியில் ஒரு வினா தோன்றியதும், எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவோமோ என்று விரல் நின்றுவிடுகிறது. லிப்ரே ஆபீஸைத் தமிழிலேயே அமைத்துக்கொள்ளலாம். 'கோப்பு' என்றும் 'சேமி' என்றும் கண்டால் பள்ளி இறுதி எட்டாத அங்கத்தினரும் துணிவார். இச்சொற்களை ஊதியம் பெற்ற நிறுவனத்தார் பலர் கூடி ஆக்கவில்லை. உலகின் பல ஊர்களிலுள்ள தமிழன்பர்கள் ஓய்வு நேரத்தில் ஆக்கினார்கள். சில சொற்கள் கரடுமுரடாக இருப்பதும் உண்மை. அதைத் திருத்தித் தர நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நல்ல தமிழ் தெரிந்தால் போதும்.

தட்டெழுத்துக்கு எ-கலப்பை இருக்கிறது. பெயரே உழவருக்கு உறவானது. பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கை வேறு கணினியில் பொருளற்ற கோடுகளாகத் தெரிவதைச் சங்கக் கணக்கர்கள் அறிவார்கள். யூனிகோடு முறையில் அடித்தால் அத்தொல்லை இல்லை.

கற்பிப்பவர்கள் மென்பொருளின் பெருமையிலிருந்து தொடங்காமல், கற்பவரின் அன்றாட வேலையிலிருந்து தொடங்க வேண்டும். நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை விவசாயிக்கு நாள்தோறும் எடையும் விலையும் மாறும். அவருக்கு லிப்ரே ஆபீஸ் விரிதாளில் தேதி, எடை, விலை, கமிஷன் என நான்கு பத்தி போட்டு, கைக்கு வரும் தொகையைக் கணினியே கூட்டித் தரச் செய்து காட்டினால், ஒரு பிற்பகலில் அவர் வசப்பட்டுவிடுவார். தனியே கற்க விரும்புவோருக்கு, மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் தமிழிலும் குரல் பாடங்களை வழங்குகிறது. சிறிது கேட்டு, நிறுத்தி, அதைத் தாமே செய்து பார்க்க வேண்டுமென்பது அதன் முறை. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழும் இத்துறையை எளிய தமிழில் விளக்கி வருகிறது.

நெசவாளருக்கென்றே ஒன்று உண்டு. இந்திய அரசின் டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன், டிஜிபுனாய் என்னும் திறந்த மென்பொருளை உருவாக்கியுள்ளது. ஜக்கார்டு, டாபி ஆகிய இருவகைத் தறிகளுக்கும் வேண்டிய டிசைனைத் திரையிலேயே வரைந்து கட்டமாக்கிக் கொள்ளலாம். வண்ணத்தை மாற்றிப் பார்க்க மறுபடி தாள் எழுத வேண்டியதில்லை. சின்னாளப்பட்டி போன்ற ஊர்களில், டிசைன் எழுதித் தருபவருக்காகக் காத்திருக்கும் நாட்கள் இதனாற் குறையலாம். சங்கத்துக்கு ஒரு கணினியும், அதில் தேர்ந்த ஓர் இளைஞரும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆனால் திரையில் அழகாயிருப்பதெல்லாம் தறியில் அழகாயிராது. ஊடை பல பாவிழைகளைத் தாண்டி மிதக்கும் இடங்கள் துணியில் சிக்கும், பிசிரும். ஆகவே அட்டையடிக்குமுன் அந்தக் கட்டங்களைத் தறியில் அமர்ந்து பழகிய கண் ஒருமுறை பார்த்தாக வேண்டும். இளைஞர் அருகிலிருந்து அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்.