நிரலின் அடியைப் பாருங்கள்

ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் நிரல் வரைபு ஒன்றைக் காட்டி, "இதிலிருந்து நீ அறிவது யாது?" என வினவினால், "இது உயரம், அது குட்டை" என்று உடனே விடை பகர்வான். கண்டதைச் சொல்கிறான், எண்ணை இன்னும் வாசிக்கவில்லை.

ஒரு மாதத்தில் ஒரு வகுப்பார் 52 நூல்களும் மற்றொரு வகுப்பார் 54 நூல்களும் இரவல் பெற்றனர் எனக் கொள்வோம். வேறுபாடு இரண்டே நூல்கள். ஆயினும் நிலைக்குத்து அச்சை 50 இலிருந்து தொடங்கினால், ஒரு நிரல் 2 அலகும் மற்றது 4 அலகும் உயர்ந்து நிற்கும். பார்ப்பவர் இரு மடங்கென்றே மயங்குவர். பூச்சியத்திலிருந்து தொடங்கினாலோ இரண்டும் ஏறத்தாழச் சமமாகத் தோன்றும்.

ஸ்கொட்லாந்தினரான வில்லியம் பிளேபெயர் 1786 ஆம் ஆண்டில் இத்தகைய வரைபை வெளியிட்டார். தம் நாட்டு வாணிபத்துக்கு ஓராண்டுக் கணக்கே கிடைத்தமையால், 17 இடங்களுடன் நடந்த ஏற்றுமதி இறக்குமதியைக் கிடையான பட்டைகளாக வரைந்தார். நீளத்தை நீளத்தோடு ஒப்பிடுவதே இதன் பயன். அடி வெட்டுண்ட நிரலில் அந்தப் பயன் கெடுகிறது.

ஆகவே நாம் பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டிய வினாக்கள் மூன்று: வரைபு எதைப் பற்றியது? ஒரு கட்டம் எத்தனையைக் குறிக்கிறது? அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது? இவற்றைக் கேட்கப் பழகிய பிள்ளை பரீட்சையில் மட்டுமன்று, நாளை பத்திரிகை விளம்பரங்களைக் காணும்போதும் எளிதில் ஏமாறமாட்டாது.