உப்பளமும் கண்புரையும்: ஒரு முட்டைச் சோதனை

மரக்காணம் உப்பளங்களில் வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. பாத்தியின் வெள்ளை உப்பில் பட்டு எதிரொளித்துக் கீழிருந்தும் கண்ணைக் கூசவைக்கிறது. அங்கே பல ஆண்டுகள் உப்பு வாரிய முதியவர்களின் பார்வை மங்குவது ஏன்?

தோலில் செல்கள் தேய்ந்தால் புதியவை வருகின்றன. கண் வில்லையின் நடுவிலுள்ள செல்கள் அப்படியல்ல. ஒளி தடையின்றிச் செல்வதற்காக அவை உட்கருவையே இழந்துவிடுகின்றன. அதனால், பிறக்கும் முன் உருவான புரதமே கடைசிவரை இருக்கிறது. வயதும் புற ஊதாக் கதிரும் சிதைக்கச் சிதைக்க, அப்புரதம் திரண்டு வில்லை வெளுக்கிறது. இதுவே கண்புரை.

இதை வகுப்பில் காட்ட ஒரு முட்டை போதும். பச்சை வெள்ளைக்கருவின் ஊடாக ஒளி செல்லும். வெந்தபின் செல்லாது, பழைய நிலைக்கும் திரும்பாது. முட்டையில் வெப்பம் நொடிகளில் செய்வதைக் கண்ணில் காலம் மெல்லச் செய்கிறது என்று விளக்கலாம்.

ஆகவே புரை முற்றினால் வில்லையை மாற்றுவதே வழி. மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப், 1992 முதல் செயற்கை வில்லைகளைக் குறைந்த விலையில் தயாரிக்கிறது.

"வயசானா அப்படித்தான்" என்று இருந்துவிடும் தாத்தா, பாட்டியைக் கண் முகாமுக்கு அழைத்துச்செல்ல நம் மாணவர்களால் முடியும்.